"அவர் இல்லாமலே ஜெயித்தோமே": ஒரு ரக்மேனை அனுப்பிவைத்த வாதம்

ஒரு வாதம் ரொம்ப நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. காயம்பட்ட ஆட்டக்காரர் ஒருவர் வெளியே உட்கார்ந்திருக்கிறார். அவர் இல்லாமல் அணி ஜெயிக்கிறது. உடனே, "அப்போ அவர் எதுக்கு?" என்று ஒரு கேள்வி. கேட்பதற்கு நியாயமாக இருக்கும், கணக்குப் போட்ட மாதிரியும் இருக்கும். ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பாலில் இந்த வாதம் அதிகம் விழுவது ரக்மேன் தலையில். நான் எடுத்துக்கொள்வது காலிங்வுட் கிளப்பையும் பிராடி கிரண்டியையும். 2022இல் மெல்போர்னில் அந்தக் கிளப்பின் ஆதரவாளர்களிடையே இதைவிடச் சூடான பேச்சு வேறு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முட்டை வடிவப் பந்து, பெரிய நீள்வட்ட மைதானம், ஒரு பக்கத்துக்கு 18 பேர். ஒவ்வொரு கால் பகுதி ஆரம்பத்திலும், ஒவ்வொரு கோலுக்குப் பிறகும், நடுவர் நடுவட்டத்தில் பந்தை ஆட்டத்தில் இறக்குவார். இரண்டு அணியிலிருந்தும் ஆளுக்கொருவர் எகிறி, தன் ஆட்கள் நிற்கும் பக்கமாக அதைத் தட்டிவிட வேண்டும். அந்த எகிறும் ஆள்தான் ரக்மேன். பெரும்பாலும் இரண்டு மீட்டர் உயரம், நூறு கிலோவுக்கு மேல் எடை. எதிரெதிரே ஓடிவந்து அந்தரத்தில் முட்டிக்கொள்வதுதான் வேலை என்றால் மூட்டு என்ன ஆகும்?

ஆனதுதான். முட்டியோடு முட்டி மோதி மூட்டின் பின்பக்க ஜவ்வு, டாக்டர்கள் பி.சி.எல். என்பது, கிழிவது ரக்மேன்களின் தொழில்நோய் மாதிரியே இருந்தது. அதனால்தான் 2005இல் நடுவட்டத்தைச் சுற்றி 10 மீட்டர் விட்டத்தில் இன்னொரு வட்டம் போட்டார்கள். ரக்மேன்கள் அதற்குள்ளிருந்துதான் ஓடிவர வேண்டும். ஓட்டம் குறைந்தது, மோதும் வேகம் குறைந்தது, அந்த வகைக் காயமும் குறைந்தது. ஒரு வேலையைச் செய்பவரின் உடம்பைக் காப்பாற்ற மைதானத்தில் கோட்டையே மாற்றிப் போட்ட விளையாட்டு இது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கிரண்டி. 2012 ட்ராஃப்டில் 18ஆவது தேர்வாகக் காலிங்வுட்டுக்கு வந்தவர். 2018, 2019 இரண்டு ஆண்டும் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில், அதாவது அந்த சீசனின் ஆகச் சிறந்தவர்களைக் கொண்டு காகிதத்தில் எழுதும் அணியில், இடம். கிளப்பின் சிறந்த ஆட்டக்காரருக்கான கோப்லண்ட் கோப்பை 2018இல் பகிர்ந்து, 2019இல் தனியாக. அவருடைய சிறப்பு எகிறித் தட்டுவதில் மட்டும் இல்லை. தட்டிய பந்து கீழே விழுந்ததும் அதன் பின்னாலேயே ஓடி, நடுக்களத்தில் இன்னொரு ஆளாக வேலை பார்ப்பார். அத்தனை பெரிய உடம்பு அப்படி ஓடுவதைப் பார்க்கவே ஒரு ஆச்சரியம்.

2020 தொடக்கத்தில் அவரோடு ஏழு ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள், 2027 வரை. ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தத் தேதியைக் கவனியுங்கள். சில வாரங்களில் கொரோனா. மார்ச்சில் முதல் சுற்று ஆளில்லாத அரங்கில் நடந்தது, பிறகு சீசனே நின்றது. லீக்கின் வருமானம் சரிந்தது, கிளப்புகள் சம்பளமாகக் கொடுக்கக்கூடிய உச்ச வரம்பும் அடுத்த ஆண்டு குறைக்கப்பட்டது. வரம்பு ஏறிக்கொண்டே போகும் என்ற நினைப்பில் எழுதிய ஒப்பந்தம், வரம்பு இறங்கிய உலகத்தில் வந்து மாட்டிக்கொண்டது. 2020 கடைசியிலேயே காலிங்வுட் கழுத்து நெரிபட்டு ஆடம் ட்ரெலோர், ஜெய்டின் ஸ்டீவன்சன், டாம் ஃபிலிப்ஸ் ஆகிய மூவரையும் வேறு கிளப்புகளுக்கு அனுப்பிவிட்டது.

2022 ஏப்ரல் 25, ஆன்சாக் தினம். எஸ்ஸெண்டனுடன் ஆடிய ஆட்டத்தில் கிரண்டிக்கு அதே பின் ஜவ்வு போனது. அந்த ஆண்டு அவர் ஆடியது ஆறு ஆட்டம், அவ்வளவுதான். திரும்பி வரும் முயற்சியில் கணுக்காலிலும் சிக்கல். அவர் இல்லாத காலிங்வுட்டோ, புதுப் பயிற்சியாளர் கிரெய்க் மெக்ரே கையில், தொடர்ந்து 11 ஆட்டம் ஜெயித்தது. ரக்கில் டார்சி கேமரனும், 211 செ.மீ. உயர அமெரிக்கர் மேசன் காக்ஸும். முந்தைய ஆண்டு 17ஆவது இடம், இப்போது நான்காவது. ப்ரிலிமினரி ஃபைனலில் சிட்னியிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

அங்கேதான் அந்தக் கேள்வி எழுந்தது: "அவர் இல்லாமலே ஜெயிக்கிறோமே?"

இந்த வாதத்தில் என்ன தப்பு? முதலில், அந்த 11 வெற்றிகளை எடுத்துப் பாருங்கள். பலவும் இரண்டு கோலுக்குள் முடிந்தவை. ஜூலையில் எஸ்ஸெண்டனுக்கு எதிராக ஜேமி எலியட் இறுதிச் சைரன் அடித்த பிறகு, எல்லைக்கோட்டை ஒட்டிய இடத்திலிருந்து உதைத்து ஜெயிக்க வைத்தாரே, அந்த மாதிரி. அந்த உதை கொஞ்சம் விலகியிருந்தால் ரக்கில் யார் நின்றிருந்தாலும் தோல்விதான். இரண்டாவது, அந்த ஆண்டு மாறியது ரக்மேன் மட்டுமில்லை. பயிற்சியாளர் மாறினார், ஆட்டமுறையே மாறியது, பின்களத்திலிருந்து துணிந்து நடுவழியாகப் பந்தைக் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். இத்தனையும் ஒரே நேரத்தில் மாறியிருக்கும்போது, வெற்றியைத் தூக்கி ஒருவர் இல்லாமையின் கணக்கில் எழுதுவது காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

இதை இன்னும் தெளிவாகப் பார்க்க நான்கு ஆண்டு பின்னால், நாட்டின் மேற்குக் கரைக்குப் போகலாம். அங்கே இதே நிலைமை இதைவிட மோசமாக வந்தது, முடிவு மட்டும் வேறு.

பெர்த்தின் வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ் கிளப்பின் ரக்மேன் நிக் நைட்டனூய். ஃபிஜி பெற்றோருக்குப் பிறந்தவர், 2008 ட்ராஃப்டில் இரண்டாவது தேர்வு, எகிறினால் அரங்கமே எழுந்து நிற்கும் ஆள். 2016 ஆகஸ்டில் இடது மூட்டின் முன் ஜவ்வு கிழிந்தது. முன் ஜவ்வு பின் ஜவ்வு மாதிரி இல்லை. பின் ஜவ்வு பல சமயம் கத்தி வைக்காமலே தேறும், முன் ஜவ்வு என்றால் அறுவை சிகிச்சை, ஏறத்தாழ ஒரு வருடம் போச்சு. 2017 முழுக்க அவர் ஆடவில்லை. 2018இல் திரும்பினார். கிளப் அவரை முழு நேரமும் களத்தில் விடாமல் அளந்து அளந்து ஆட வைத்தது. அப்படியும் ஜூலையில், அதுவும் காலிங்வுட்டுக்கு எதிராக, வலது மூட்டில் அதே ஜவ்வு போனது. இரண்டு மூட்டு, இரண்டு வருடம்.

அந்த செப்டம்பரில் வெஸ்ட் கோஸ்ட் கிராண்ட் ஃபைனலுக்கு வந்தது. எதிரணி காலிங்வுட். அதன் ரக்கில் உடம்பில் ஒரு குறையும் இல்லாத, உச்சத்தில் இருந்த கிரண்டி. வெஸ்ட் கோஸ்ட் ரக்கில் ஸ்காட் லைசெட்டும் நேதன் வார்டியும். ஈகிள்ஸ் ஐந்து புள்ளியில் ஜெயித்தார்கள். கடைசி நிமிடங்களில் டாம் ஷீட் உதைத்த கோலை எல்லாரும் சொல்வார்கள். அந்தப் பந்து வந்த வழியைப் பாருங்கள்: மெக்கவர்ன் பிடித்து உதைத்தது வார்டிக்கு, வார்டியிடமிருந்து லியாம் ரையனுக்கு, ரையனிடமிருந்து ஷீட்டுக்கு. வார்டி யார்? நைட்டனூயின் முதல் காயத்துக்குப் பிறகு, 2016 கடைசியில் ஜிலாங்கிலிருந்து வாங்கி வந்த மாற்று ரக்மேன்.

"அவர் இல்லாமலே ஜெயித்தோமே" என்ற வாதத்துக்கு இதைவிடப் பலமான சாட்சி கிடைக்குமா? கோப்பையே கையில் இருக்கிறது. இரண்டு மூட்டும் தைத்த ஆள், 28 வயது. ஆனால் வெஸ்ட் கோஸ்ட் அவரை வைத்துக்கொண்டது. 2020, 2021 இரண்டு ஆண்டும் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இடம்பிடித்தார். கிளப்பின் ஜான் வோர்ஸ்ஃபோல்ட் பதக்கமும் இரண்டு ஆண்டும் அவருக்கே.

கிரண்டிக்கும் 2022இல் அதே 28 வயது. காயமோ இரண்டில் லேசானது. ஆனால் அவர்தான் போனார். அந்த அக்டோபரில் ஒப்பந்தத்தில் ஐந்து ஆண்டு பாக்கி இருக்கும்போதே, 27ஆவது ட்ராஃப்ட் தேர்வுக்கு மெல்போர்ன் கிளப்பிடம் கொடுத்தார்கள். சம்பளத்தில் ஒரு பகுதியைக் காலிங்வுட்டே தொடர்ந்து கட்டுவதாகவும் ஏற்பாடு. அடுத்தவர் அணியில் ஆட நம் பணம்!

ஆக, மூட்டு இந்த முடிவை எடுக்கவில்லை, வெற்றிக் கணக்கும் எடுக்கவில்லை. எடுத்தது ஒப்பந்தம். சம்பள வரம்பு என்று ஒன்று இருக்கும் லீக்கில் ஒருவருக்குப் பத்து லட்சம் என்றால் அது நாலு பேரின் இடம். அந்த இடத்தில்தான் டாம் மிட்செல், பாபி ஹில், டான் மெக்ஸ்டே எல்லாரும் வந்தார்கள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. கிளப் நடத்துகிறவர்கள் பணத்தைப் பார்க்கத்தான் வேண்டும். நான் குறை சொல்வது பேச்சில் நடந்த ஆள்மாறாட்டத்தை. பணப் பிரச்சினையை ஆட்டப் பிரச்சினையாக மாற்றிப் பேசியபோது, தொற்றுநோய்க்குச் சற்று முன் கிளப் போட்ட கணக்கின் பிழை, காயத்தோடு உட்கார்ந்திருந்தவரின் திறமைக் குறைவாக ஆகிவிட்டது. உட்கார்ந்திருப்பவர் ஆடிக் காட்டி மறுக்கவும் முடியாது.

எதிர்த் தரப்பையும் சொல்லணும். 2023 சீசனின் முதல் வாரங்களிலேயே காக்ஸ், கேமரன் இருவரும் காயம்பட்டார்கள். கிரண்டியும் கிடையாது. பில்லி ஃப்ராம்டன் ரக்கில் நிற்க வேண்டியிருந்தது. "அனுப்பாம இருந்திருக்கலாம்"னு அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு, நானும் ஒருவன். செப்டம்பரில் பார்த்தால் கோப்பை அவர்களிடம், பிரிஸ்பேனை நான்கு புள்ளியில் வென்று. சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் பாபி ஹில்லுக்கு. ரக்மேனுக்கு இத்தனை பணம் தேவையில்லை என்பவர்கள் கையில் இது கனமான சீட்டு. வெஸ்ட் கோஸ்ட் கதையும் இனிப்பாக முடியவில்லை. நைட்டனூய் 2023இல் குதிகால் நரம்புக் காயத்தால் ஒரு ஆட்டம்கூட ஆடாமல், 213 ஆட்டங்களோடு ஓய்வு பெற்றார். அந்த ஆண்டு அணி கடைசி இடம்.

மெல்போர்னில் கிரண்டிக்கு நடந்தது தனிக் கொடுமை. அங்கே ஏற்கெனவே மேக்ஸ் கான். தொடக்க ஆண்டுகளில் மூட்டுக் காயத்தோடு மல்லுக்கட்டி, கிளப் காத்திருந்ததால் நிலைத்து, 2021இல் தலைவராகக் கோப்பை தூக்கிய ரக்மேன். இருவரையும் சேர்த்து ஆட வைக்கலாம் என்ற திட்டம் ஒட்டவில்லை. 2023 செப்டம்பரில் காலிங்வுட்டும் மெல்போர்னும் இறுதிச் சுற்றில் மோதியபோது கிரண்டி அணியில் இல்லை. விற்ற கிளப்புக்கும் வாங்கிய கிளப்புக்கும் நடுவே ஆட்டம், அவர் வெளியே. அப்போது அவருக்கு உடம்பில் எந்தக் குறையும் இல்லை.

அடுத்து சிட்னி. 2024இல் அந்த அணி பட்டியலில் முதலிடம் பிடித்து கிராண்ட் ஃபைனலுக்கு வந்தது, ரக்கில் கிரண்டி. பிரிஸ்பேனிடம் 60 புள்ளியில் தோற்றார்கள், அது வேறு விஷயம். 30 வயதில், முடிந்துவிட்டது என்று பேசப்பட்ட அதே மூட்டோடு அந்த நாள் அவர் களத்தில் நின்றார். அந்த ஆண்டு காலிங்வுட் இறுதிச் சுற்றுக்கே வரவில்லை, ஒன்பதாவது இடம். இதைக் காட்டி "பாத்தீங்களா?" என்று கேட்க எனக்கும் ஆசைதான். கேட்டால் நானும் அதே பனம்பழத்தைப் பொறுக்கியவன் ஆகிவிடுவேன்.