காற்றோடு ஆடும் கால்பந்து

ஐஸ்லாந்தின் கீழ் டிவிஷன் கால்பந்துப் பருவம் மே மாதம் தொடங்கி செப்டம்பரில் முடிந்துவிடும். இரண்டாம் அடுக்கில் 12 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 22 லீக் ஆட்டங்கள். குளிர் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் ஆடித் தீர்க்க வேண்டும் என்ற அந்த அவசரம் எனக்குப் பிடிக்கும். மே மாதத்தில் புல் பல ஊர்களில் பழுப்பாகத்தான் இருக்கும். ஜூனிலோ, இரவு பத்து மணிக்கும் விளக்கில்லாமல் பந்து தெரியும்.

இந்தக் கால்பந்தின் உண்மையான அழகு மைதானங்களில் இருக்கிறது. ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் கடல். பார்வையாளர்களுக்கு ஒரு சிறு கூரை. கடற்காற்று திரும்பினால் கோல்கீப்பர் ஓங்கி உதைத்த பந்து பாதி வழியில் தயங்கும். அதைக் கணித்து ஆடுவது தனிக் கலை. சில ஊர்களில் ரசிகர்கள் காரை மைதான ஓரத்தில் நிறுத்தி, உள்ளே உட்கார்ந்தபடியே பார்ப்பார்கள். கோல் விழுந்தால் ஹாரன்கள் முழங்கும். அதைவிட நேர்மையான கைதட்டல் உண்டா என்ன!

இத்தகைய ஊர்களில் ஒன்று, ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழும் மீன்பிடி ஊரான ஓலாஃப்ஸ்விக். அதன் விகிங்குர் அணி 2013-இல் நாட்டின் உச்ச டிவிஷனிலேயே ஆடியது. வடக்கே, சிக்லுஃபியோர்துரையும் ஓலாஃப்ஸ்ஃபியோர்துரையும் இணைக்கும் சுரங்கப்பாதை 2010-இல் திறந்தது. அதே ஆண்டு இரு ஊர்களின் கிளப்புகளும் ஒன்றாயின. வடமேற்கில் இசாஃபியோர்துர் ஊரின் வெஸ்த்ரி அணி 2023-இல் ப்ளே-ஆஃப் வென்று உச்ச டிவிஷனுக்கு ஏறியது. இரண்டே ஆண்டில், 2025-இல், வாலுர் அணியை வீழ்த்தி நாட்டின் கோப்பையையே ஊருக்குக் கொண்டுபோனது.