பசுமட்கலத்தில் நீர் பெய்வார் யார்?

"ஐயா, சுடாத பானையில் தண்ணீர் ஊற்றினால் கரைந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியுமே. தெரிந்தும் யார் ஊற்றுவார்?"

திருக்குறளில் வினைத்தூய்மை அதிகாரத்தின் இறுதிக் குறளை (660) நடத்தியபொழுது ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுப்பிய வினா இது. வஞ்சனையால் பொருளைச் சேர்த்துக் காக்க நினைப்பது, பச்சை மண்ணால் ஆன கலத்தில் நீரைப் பெய்து காக்க நினைப்பதை ஒக்கும் என்று பொருள் கூறி முடித்திருந்தேன். முப்பது ஆண்டுகளாக இக்குறளைக் கற்பித்து வருபவன் நான். ஆயினும் அவ்வினாவுக்கு அன்று என்னிடம் விடை இல்லை. "நாளை சொல்கிறேன், அம்மா" என்று கூறி வகுப்பை முடித்தேன்.

வினா சிறியதன்று. அறிவுடையார் எவரும் செய்யாத ஒன்றை வள்ளுவர் உவமையாக்கினார் என்றால் உவமை பழுதுடையதாகும். உவமை பழுதில்லாதது என்றால் நாம் அதனை விளக்கும் முறையில்தான் பழுது இருத்தல் வேண்டும்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். 'பசுமட்கலம்' என்பதில் உள்ள பசுமை நிறத்தைக் குறித்ததன்று. பச்சரிசி, பச்சைத் தண்ணீர், பச்சைக் குழந்தை என்னும் வழக்குகளில் உள்ள பச்சையே இது. தீயோ காலமோ இன்னும் பக்குவப்படுத்தாத நிலை என்பது பொருள். நம் மாணவருள் சிலர் இதனைப் பச்சை நிறப் பாண்டம் என்று எழுதுகின்றனர். அவரை நகைப்பதற்கில்லை. அலுமினியமும் நெகிழியும் நிறைந்த வீட்டில் வளரும் பிள்ளை சுடாத பாண்டத்தை எங்கே கண்டது?

நானும் அதனை நன்கு கண்டவன் அல்லேன். எனவே அவ்வார இறுதியில் ஆயர் ஈத்தாம் வரை சென்று வந்தேன். மட்பாண்டத்திற்குப் பேர்போன அவ்வட்டாரத்தில் சீனக் குயவர்கள் தம் நாட்டு முறைப்படி 'டிராகன்' சூளைகளை அமைத்தனர். மேட்டுச் சரிவில் நீண்டு படுத்திருக்கும் சூளை அது. கீழ்வாயில் மூட்டிய தீ மேல்நோக்கி ஏறும். பக்கத் துளைகளின் வழியே விறகு ஊட்டுவர். வெப்பம் 1200 பாகை செல்சியசுக்கும் மேல் செல்லும். நம் பெற்றோர் பால்மரக் காட்டில் மரந்தோறும் கட்டிய மண் மங்குகள் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் இத்தகைய சூளைகளில் வெந்தவையே. இன்று எரிவாயு அடுப்பும் மின்னடுப்பும் பெருகிவிட்டன. அச்சில் களிமண் குழம்பை வார்த்துக் கலம் செய்வதும் உண்டு. ஆனால் முறை எதுவாயினும், உலர்ந்த கலத்திற்கும் வெந்த கலத்திற்கும் இடையே தீ ஒன்றே நிற்கிறது.

வெயிலில் உலர்ந்த கலத்திலிருந்து ஈரம் மட்டுமே நீங்கும். மீண்டும் நீர் பட்டால் மண் துகள்கள் பிரிந்துவிடும். ஏறத்தாழ 500 முதல் 600 பாகை வெப்பத்தில்தான் களிமண்ணோடு வேதியியல் முறையில் பிணைந்துள்ள நீர் வெளியேறுகிறது. அதன்பின் அது பழைய மண்ணாகத் திரும்புவதில்லை.

சுட்ட கலம் ஒன்றும் சுடாத கலம் ஒன்றும் வாங்கி வந்து மாணவர்முன் வைத்தேன். இரண்டும் ஒரே வடிவு. சுடாதது சற்று வெளிறியிருந்தது. செம்மண் குழம்பு பூசியிருந்தால் அவ்வேறுபாடும் புலப்பட்டிராது. விரலால் தட்டச் சொன்னேன். ஒன்று கணீரென்றது, மற்றொன்று மந்தமாக ஒலித்தது. சுடாததில் நீர் ஊற்றினோம். சிறிது நேரம் அது நீரைத் தாங்கியே நின்றது. பிறகு அடிப்பகுதி குழைந்தது. பாட வேளை முடிவதற்குள் மேசைமேல் சேறும் நீருமே எஞ்சின.

மாணவியின் வினாவுக்கு விடை இங்கே கிடைத்தது. பசுமட்கலத்தில் நீர் பெய்பவன், அதனைக் கலம் என்றே நம்பிப் பெய்கிறான். வாய் உண்டு, வயிறு உண்டு, வடிவு உண்டு. சிறிது நேரம் நீரும் நிற்கிறது. இல்லாதது தீ ஒன்றுதான். வஞ்சனையால் வந்த செல்வமும் செல்வம் போலவே தோன்றும். சில காலம் நிற்கவும் செய்யும். அழியும்போது பொருளோடு அதனைச் சேர்த்தவனும் அழிவான். வள்ளுவர் சுட்டுவது மூடனை அன்று. தோற்றத்தைக் கண்டு ஏமாந்தவனை.

இதே உவமை சங்க அகப்பாடல்களிலும் வருகிறது. குறுந்தொகை 29-ஆம் பாடலில், இரவில் சந்திக்க இயலாது என்று மறுக்கப்பட்ட தலைவன் தன் நெஞ்சை நோக்கிப் பேசுகிறான். பெய்யும் மழையை ஏற்ற பசுங்கலம் போலத் தாங்கவொண்ணாத ஆசை வெள்ளத்தில் அது அகப்பட்டது என்கிறார் ஔவையார். குறளில் நீரை ஊற்றியது மனிதன் கை. ஈண்டு நீர் தானே வானிலிருந்து வீழ்கிறது. ஆகவே குற்றச்சாட்டினும் இரக்கமே மிகுகிறது.

நற்றிணை 308-இல் எயினந்தை மகனார் இளங்கீரனார் இன்னும் ஒருபடி செல்கிறார். பொருள் தேடப் புறப்பட்ட தலைவனைத் தலைவி கேள்வி கேட்கவில்லை, தடுக்கவுமில்லை, மெல்ல வந்து அவன் மார்பில் சாய்கிறாள். பொருளாசை நிறைந்த அவன் நெஞ்சம், பெருமழையை ஏற்ற ஈரக் கலம் போல நெகிழ்ந்து அவளோடு கலந்து மகிழ்கிறது. கரைதல் இங்கே கேடன்று, பேறு. குயவர் தொழிலை அறிந்தார்க்கு இதன் நுட்பம் விளங்கும். சுட்ட கலம் உடைந்தால் ஓடுதான். சுடாத கலம் கரைந்தால் மீண்டும் வனைதற்குரிய மண். தலைவன் உறுதி இன்னும் தீயில் வேகாத உறுதி. அதனால்தான் அதனை மாற்றி வனைய முடிந்தது.

இது வலிந்து கொண்ட பொருள் என்றும், புலவர்கள் மரபுவழி உவமையை எடுத்தாண்டனரேயன்றிச் சூளையை அறிந்தவர் அல்லர் என்றும் சிலர் கூறலாம். புறநானூறு அதற்கு இடம் தரவில்லை. நலங்கிள்ளியின் நாடு அவன் கருதிய வடிவையே கொள்ளும் என்பதற்கு, குயச் சிறுவர் சக்கரத்தில் வைத்த பச்சை மண் திரளைக் காட்டுகிறார் கோவூர் கிழார் (32). கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார், இருள் திரண்டாற் போன்ற புகை எழும் சூளையின் குயவனை விளித்து, அம்மன்னனுக்கு ஏற்ற பெருந்தாழியை உன்னால் வனைய இயலுமா என்கிறார் (228). அத்தகைய தாழிகளை ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்தெடுத்தார். அங்கும் கீழடியிலும் கிடைத்த கறுப்பு-சிவப்புக் கலங்களில் உட்புறமும் வாயும் கறுத்து வெளிப்புறம் சிவந்திருக்கும். காற்றுப் படாத பக்கம் கறுக்க, பட்ட பக்கம் சிவக்கும் என்பது அதன் காரணம். நம் பேராக் மாநிலத்துச் சாயோங் குயவரும் சுட்ட கலத்தைச் சூடு ஆறுமுன் உமியில் இட்டுக் கறுக்கச் செய்வர். மண்ணும் தீயும் புகையும் இவ்வாறு நாள்தோறும் கண்ணெதிரே இயங்கிய சமுதாயத்தில் பிறந்தவை அப்பாடல்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'சுடாத மண்பாண்டம்' என்னும் இரண்டு சொற்களால் இவ்வுவமையை முடித்துவிடாதீர்கள். நான் முப்பது ஆண்டு அவ்வாறே முடித்தேன். தேர்வில் மதிப்பெண் கிடைத்தது, பாட்டு கிடைக்கவில்லை. அடுத்த தைப்பொங்கலுக்குப் பானை வாங்கும்போது குயவரிடம் சுடாத சிறு கலம் ஒன்றும் கேட்டு வாங்கி வாருங்கள். அதில் நீர் ஊற்றும் பொறுப்பை வகுப்பில் அதிகம் கேள்வி கேட்கும் பிள்ளையிடம் கொடுங்கள்.