தொப்பிச் சின்னமும் தவறான பெயரும்

போர்க்காலப் பொருள்களைச் சேகரிப்போரிடையே ஒரு தவறான வழக்கம் நிலவுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது (1939–45) பிரிட்டிஷ் படைவீரர்களுக்கு வழங்கப்பட்ட பிளாஸ்டிக் தொப்பிச் சின்னங்களைப் பலர் 'பேக்கலைட் சின்னம்' என்று குறித்துவிடுகின்றனர். பெயர் எதுவானால் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். இங்கே பெயர் தவறினால் பொருளே பாழாகும் என்பதுதான் விடை.

இச்சின்னங்கள் முன்பு பித்தளையாலும், நிக்கல் கலந்த வெள்ளை உலோகத்தாலும் செய்யப்பட்டு வந்தன. முதல் உலகப் போரில், 1916-இல், நிக்கலை மிச்சப்படுத்தப் பல சின்னங்கள் முழுவதும் பித்தளையிலேயே அடிக்கப்பட்டன. அடுத்த போரில் பித்தளைக்கும் தட்டுப்பாடு வந்தது. செம்பு 70 பங்கும் துத்தநாகம் 30 பங்கும் சேர்ந்த பித்தளை, தோட்டாக் கூடுகளுக்கு ஏராளமாகத் தேவைப்பட்டது. எனவே சின்னங்கள் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டன.

அந்தப் பிளாஸ்டிக், செல்லுலோஸ் அசெட்டேட். பஞ்சிலோ மரக்கூழிலோ உள்ள செல்லுலோசிலிருந்து கிடைப்பது. சூடேற்றினால் இளகும், ஆறினால் இறுகும். 1907-இல் பேக்லண்ட் உருவாக்கிய பேக்கலைட்டோ பீனாலும் ஃபார்மால்டிஹைடும் வினைபுரிந்து உண்டாவது. ஒருமுறை இறுகிய பின் அது மீண்டும் இளகாது. பழைய மின் சுவிட்சுகளில் அதைப் பார்த்திருப்பீர்கள்.

குழப்பத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. பழுப்பு நிறம் இரண்டிலும் உண்டு. அடர்த்தியை அளந்தும் பயனில்லை. இரண்டுமே கன செ.மீ.க்கு ஏறத்தாழ 1.3 கிராம்தான். பித்தளைக்கு அது சுமார் 8.5 கிராம். ஆகவே பித்தளையைப் பிரித்தறிய உதவும் சோதனை, இவ்விரு பிளாஸ்டிக்குகளைப் பிரித்தறிய உதவாது. சூடான ஊசியால் குத்திப் பார்க்கலாம் என்பர் சிலர். பொருளைக் காயப்படுத்தும் அந்தச் சோதனையை ஏற்பதற்கில்லை.

இனி, தவறின் விளைவைப் பார்ப்போம். வெப்பமும் ஈரமும் பட்டால் செல்லுலோஸ் அசெட்டேட் சிதைந்து, காடியிலுள்ள அதே அசெட்டிக் அமிலத்தை வெளிவிடும். அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். பழைய பிலிம் சுருள்கள் பல இவ்வாறே சுருங்கி உடைந்தன. பேக்கலைட் என்று நம்பிக் காற்றுப் புகாத டப்பாவில் இட்டு மூடினால், அமிலம் உள்ளேயே தங்கிச் சின்னத்தை அழிக்கும். பக்கத்திலுள்ள உலோகச் சின்னங்களையும் அரிக்கும். குளிர்ந்த, உலர்ந்த, காற்றோட்டமுள்ள இடத்தில் உலோகத்தை விட்டுத் தனியே வைப்பதே முறை.

பெட்டியைத் திறந்ததும் காடி மணம் அடித்தால், சீட்டில் எழுதிய பெயரைவிட உங்கள் மூக்கையே நம்புங்கள்.