ஒரே ஆசான், மூன்று பாணிகள்

எந்த யோகா தனக்குப் பொருந்தும் என்று யாராவது கேட்டால், நான் முதலில் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையைப் பற்றிச் சொல்வது வழக்கம். 1930-களில் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் அங்கே யோகசாலை நடத்தினார். இன்று அஷ்டாங்க வின்யாசம், ஐயங்கார் யோகா, வினியோகம் என்று தனித்தனிப் பெயர்களில் உலகமெங்கும் கற்பிக்கப்படும் மூன்றும் இந்த ஒரு மனிதரிடமிருந்து கிளைத்தவை. முதலாவதைப் பரப்பியவர் அவருடைய மாணவர் பட்டாபி ஜோயிஸ். இரண்டாவது அவருடைய மைத்துனர் பி.கே.எஸ். ஐயங்காருடையது. மூன்றாவது மகன் தேசிகாச்சாரால் வளர்ந்தது.

ஒருவர் சொல்லிக்கொடுத்தது எப்படி இத்தனை வேறுபட்டது? எதிரே நின்றவர்கள் வேறு வேறு ஆட்கள் என்பதுதான் காரணம். அரண்மனையில் படித்தவர்கள் துடிப்பான பையன்கள். ஊர் ஊராகப் போய்ச் செய்துகாட்ட வேண்டியவர்கள். அவர்களுக்குத் தாவலும் வேகமும் மூச்சுக் கணக்கும் கொண்ட தொடர் தேவைப்பட்டது. அதே காலத்தில் அவரிடம் வந்த இந்திரா தேவி ரிகாவில் பிறந்த ஐரோப்பியப் பெண், வயதும் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு மென்மையான பயிற்சி கிடைத்தது. 1950-களின் தொடக்கத்தில் சென்னைக்குக் குடிவந்த பிறகு கிருஷ்ணமாச்சாரியாரைத் தேடி வந்தவர்களில் நோயாளிகள் பலர், குடும்பஸ்தர்கள் பலர். அப்போது அவர் ஒவ்வொருவரையும் தனியே உட்காரவைத்து, மூச்சை முன்வைத்துக் கற்பித்தார். 1989-ல் நூறு வயதில் மறையும்வரை கற்பிக்கும் முறையை மாற்றிக்கொண்டே இருந்தவர் அவர். நாம் பாணி என்று பெயரிட்டுப் பிரித்துவைத்திருப்பவை, என் கணிப்பில், அவருடைய நீண்ட வாழ்வின் வெவ்வேறு பருவங்கள். ஒரு பருவத்தை மட்டும் எடுத்து, இதுவே முழு யோகம் என்று விற்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அஷ்டாங்க வின்யாசத்தின் பலம் அதன் மாறாத வரிசை. சூரிய நமஸ்காரத்தில் தொடங்கி எந்த ஆசனத்துக்குப் பின் எது என்பது தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. மைசூர் முறையில் எல்லோரும் ஒரே அறையில் இருந்தாலும் அவரவர் வேகத்தில் அவரவர் செய்வார்கள், ஆசிரியர் சுற்றிவந்து திருத்துவார். வரிசை மனப்பாடமாகிவிட்டால் வீட்டிலும் தனியாகச் செய்யலாம், யாரையும் நம்பியிருக்க வேண்டாம். இருபது வயதில், உடம்பு வணங்குகிற பருவத்தில், ஒழுங்கைப் பழக இதைவிட நல்ல வழி குறைவு என்பேன்.

ஆனால் அந்த மாறாத வரிசைதான் அதன் குறையும். ஆரம்பத் தொடரிலேயே அரைப் பத்மாசனத்தில் செய்யும் ஆசனங்கள் வந்துவிடுகின்றன. இடுப்பு மூட்டு திறக்காதவர் காலை வலிந்து மடித்தால் அந்தத் திருகல் முழங்காலில் இறங்குகிறது. ஒவ்வொரு ஆசனத்துக்கும் நடுவில் வரும் சதுரங்க தண்டாசனம் ஒரு காலைப்பொழுதில் பல பத்து முறை திரும்புவதால் தோளும் மணிக்கட்டும் தேய்கின்றன. இதில் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கையால் தொட்டு அழுத்தித் திருத்துவது இந்த முறையில் வழக்கம். அந்தச் சாக்கில் ஜோயிஸ் தங்களிடம் அத்துமீறினார் என்று அவருடைய மாணவிகள் பலர் வெளிப்படையாகச் சொன்னார்கள். 2019-ல் அவருடைய பேரன் சரத் ஜோயிஸ் அதற்காக வருத்தம் தெரிவித்தார். தொடாதீர்கள் என்று சொல்லும் உரிமை மாணவருக்கு உண்டு. எந்த வகுப்பிலும், எந்த குருவிடமும் உண்டு.

ஐயங்காரின் கதை வேறு. மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று நோயிலேயே இளமையைக் கழித்த உடம்பு அவருடையது. அந்த அனுபவத்திலிருந்துதான் மரக்கட்டை, பட்டை, போர்வை, நாற்காலி, சுவரில் கட்டிய கயிறு எல்லாம் யோகத்துக்குள் வந்தன என்று எனக்குத் தோன்றுகிறது. குனிந்தால் கை தரையைத் தொடவில்லையா, தரையை உயர்த்திக் கட்டையாகக் கொடுத்துவிடு. எளிய யோசனைதான். ஆனால் அறுபது வயதுக்காரரையும் முதுகுவலிக்காரரையும் ஆசனத்துக்குள் கொண்டுவந்த யோசனை அது. ஒரு ஆசனத்தில் நெடுநேரம் நின்று, பாதத்தின் விளிம்பு எங்கே, தோள்பட்டை எங்கே என்று பார்க்கும் நுணுக்கம் வேறெங்கும் இந்த அளவு இல்லை. குறை என்னவென்றால், அந்த நுணுக்கத்திலேயே மூச்சு மறந்துபோகலாம். பிராணாயாமம் மிகத் தாமதமாகத்தான் வருகிறது. கண்டிப்பான குரலில் பிழை மட்டுமே கேட்டுப் பழகியவர், தன் உடம்பைத் திருத்த வேண்டிய பொருளாகவே பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

மூன்றாவது வழியின்மேல் எனக்குச் சாய்வு உண்டு, ஒளிக்கவில்லை. தேசிகாச்சார் பொறியியல் படித்தவர். 1976-ல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தை நிறுவினார். ஆளுக்கேற்றபடி ஆசனம், மூச்சோடு சேர்ந்த அசைவு, வயது, தொழில், நோய் எல்லாம் கேட்டபின் பயிற்சி என்பது இந்த வழியின் அடிப்படை. நாற்பத்து மூன்று வயதில் நான் ஒரு குழு வகுப்பில் சேர்ந்தேன். கழுத்தெலும்பு தேய்ந்திருப்பது எனக்கே தெரியாது, அங்கே யாரும் கேட்கவும் இல்லை. முதல் வாரமே எல்லோருக்கும் சர்வாங்காசனம். மூன்றாம் வாரம் இடது கை மரத்துப்போனது. சொன்னபோது, பழகப் பழகச் சரியாகும் என்றார் மாஸ்டர். பிறகு வேறோர் ஆசிரியையிடம் போனேன். முதல் நாள் அவர் ஆசனமே சொல்லித்தரவில்லை. தூக்கம், செரிமானம், எத்தனை மணி நேரம் உட்கார்ந்து வேலை, பழைய அடி ஏதாவது உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டார். மறுநாள் ஒரு தாளில் குச்சி மனிதர்களாகப் படம் போட்டு, 12 நிமிடப் பயிற்சி ஒன்றைக் கையில் கொடுத்தார். மல்லாந்து படுத்து, மூச்சை இழுத்தபடி கையை உயர்த்துவதுதான் அதில் கடினமான பகுதி. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இந்த வழிக்கும் குறை உண்டு. தனி ஆசிரியர் என்றால் செலவு. எல்லா ஊரிலும் கிடைக்கவும் மாட்டார். ஆசிரியரின் கணிப்பு தவறினால் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மாணவர்கூட இல்லை. நல்ல உடல்பலம் உள்ள இளைஞருக்கு இது சப்பென்று தோன்றி, ஒரே மாதத்தில் விட்டுவிடுவார்.

அந்தச் செலவுப் பிரச்சினைக்குத் தமிழ்நாட்டில் விடையாக இருந்துவருவது வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை. கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, கண்பயிற்சி, மகராசனம் என்று போகும் அந்த எளியமுறை உடற்பயிற்சியைச் சிறு ஊர்களில்கூட மாலை நேரத்தில் கற்றுத்தருகிறார்கள். ஆசனம் என்றாலே பயப்படும் நடுத்தர வயதுப் பெண்கள் துணிந்து வருவது இங்கேதான். எல்லோருக்கும் ஒரே தொகுப்பு என்பது இதன் எல்லை. அதில் வரும் கபாலபாதியை உயர் ரத்த அழுத்தம் உள்ளவர் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

சூடாக்கிய அறையில் 26 ஆசனங்கள் செய்யும் பிக்ரம் முறையை நம் வெயிலில் யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சூட்டில் தசை இளகி, எங்கே நிறுத்த வேண்டும் என்று உடம்பு சொல்வது கேட்காமல் போகும்.

தேர்ந்தெடுப்பதில் பெரும்பாலோர் தவறுவது ஓரிடத்தில். எது எளிதாக வருகிறதோ அதையே தனக்குப் பொருந்துவதாக நினைக்கிறார்கள். பரதநாட்டியம் ஆடிப் பழகிய, நாணல்போல் வளையும் பெண்கள் இன்னும் வளைக்கும் வகுப்பைத் தேடிப் போகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பலம், நிலைத்து நிற்றல். மூட்டு ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. ஓயாமல் ஓடுகிறவர்கள் வேகமான வின்யாசத்தையும், சோர்ந்திருப்பவர்கள் படுத்தபடி செய்யும் பயிற்சியையும் விரும்புகிறார்கள். இரண்டு பேரும் இடம் மாறினால் பலன் கூடும் என்பது நான் வகுப்புகளில் பார்த்துத் தெரிந்துகொண்டது. வயது மாறும்போது பயிற்சியும் மாற வேண்டும். இருபதில் பொருந்தியதை ஐம்பதிலும் பிடித்துக்கொண்டிருப்பது விசுவாசம் ஆகாது.

க்ளௌகோமா உள்ளவர், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர், கழுத்தில் தேய்மானம் உள்ளவர் சிரசாசனம், சர்வாங்காசனம் பக்கம் போக வேண்டாம். முதுகில் வட்டு விலகியவர் மருத்துவரைக் கேட்காமல் முன்னால் குனிய வேண்டாம். இவற்றை ஒரு வகுப்பு முதல் நாளே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். கட்டணம் கட்டுவதற்கு முன் ஆசிரியரிடம் இந்த ஒன்றைக் கேளுங்கள்: "இந்த ஆசனம் எனக்கு ஆகாது என்றால் அதற்குப் பதிலாக எனக்கு என்ன தருவீர்கள்?" அதற்கு அவரிடம் பதில் இல்லையென்றால், பாணியின் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அந்தப் படியிலிருந்து இறங்கி வந்துவிடுங்கள்.