குடையைத் திருடியது யார்?

சிபில் வெத்தசிங்கவின் ‘குட ஹொரா’ 1956இல் வெளிவந்த சிங்களச் சிறுவர் நூல். கிராமத்துக் கிரி மாமா பட்டணத்தில் குடை என்ற புதுமையைக் கண்டு ஒன்று வாங்குகிறார். திரும்பும் வழியில் அதை ஒளித்துவைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போகிறார். வந்து பார்த்தால் குடையைக் காணோம். மறுபடி வாங்குகிறார், மறுபடியும் காணோம். புத்தகத்தை மூடிவிட்டு, “யார் எடுத்திருப்பார்கள்?” என்று பிள்ளைகளைக் கேட்க இதைவிட வாகான இடம் அமையாது.

இப்படி ஊகிக்க வைப்பதை ஊகி, வாசி, சரிபார் என்ற வகுப்பறை முறையாக 1960களில் வளர்த்தவர் அமெரிக்கக் கல்வியாளர் ரஸல் ஸ்டாஃபர். 1984இல் ஆய்வாளர்கள் பாலின்சரும் பிரவுனும் தங்கள் வாசிப்புப் பயிற்சிக்கு நான்கு உத்திகளை வகுத்தபோது, கேள்வி கேட்டல், தெளிவுபடுத்தல், சுருக்கிச் சொல்லல் ஆகியவற்றுடன் ஊகித்தலும் சேர்ந்தது.

இதன் பலம் தவறான ஊகத்தில்தான் நன்றாகத் தெரியும். “பக்கத்து வீட்டுக்காரர்” என்று சொன்ன பிள்ளைக்குக் கதையில் இப்போது ஒரு பந்தயம் இருக்கிறது. கிரி மாமா கடைசிக் குடைக்குள் காகிதத் துண்டுகளை ஏன் நிரப்புகிறார் என்று அது கூர்ந்து கவனிக்கும். “எதை வைத்துச் சொல்கிறாய்?” என்று ஆசிரியர் கேட்டால், பழைய பக்கத்தைப் புரட்டி ஆதாரம் தேடும். புரிந்து வாசிக்கும் பழக்கம் இங்கேதான் பிடிபடுகிறது.

ஆனால் சரியான ஊகம் ஏமாற்றிவிடக்கூடும். கண்டியில் தலதா மாளிகைக்குப் பின்னால் உள்ள உடவத்தகெலே காட்டை ஒட்டிய வீடுகளில் குரங்குக்குத் தப்பிக் கொய்யாப்பழம் மிஞ்சுவது அபூர்வம். அங்கே வளரும் பிள்ளை, கள்ளன் குரங்குதான் என்று முதல் குடையிலேயே சொல்லிவிடலாம். விடை சரி, ஆனால் அது வந்தது கதையிலிருந்து அல்ல, கொல்லைப்புறத்திலிருந்து. இதே பிள்ளையிடமோ, கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைப் பிள்ளையிடமோ பனிமனிதன் கதையைக் கொடுத்து, வெயில் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் தடுமாறக்கூடும். அதை வாசிப்புக் குறைபாடு என்று எழுதிவைப்பது அநியாயம். அங்கே குறைவது பொருளறிவுதான்: 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் செய்த ஆய்வில், பேஸ்பால் தெரிந்த பலவீனமான வாசகர்கள், அந்த ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட அதைப் பற்றிய பகுதியை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, கதையை ஊகிக்கும் பழக்கம் சொல்லை ஊகிப்பதாக மாறுவது. வாசிப்பே ஒருவகை ஊக விளையாட்டு என்று 1967இல் கல்வியாளர் கென்னத் குட்மன் எழுதினார். பின்வந்த கண்ணசைவு ஆய்வுகள் வேறு கதை சொல்லின: தேர்ந்த வாசகர்கள் பெரும்பாலான சொற்களின் எழுத்துகளை உண்மையிலேயே உள்வாங்குகிறார்கள். படத்தில் குரங்கு, வரியின் தொடக்கத்தில் ‘கு’. தரம் 1 பிள்ளை ‘குடை’யைக் ‘குரங்கு’ என்று படித்துவிட்டுப் போகும். “கெட்டிக்காரன்” என்று தட்டிக்கொடுத்தால், ‘டை’யைக் கூட்டிப் படிக்க வேண்டிய அவசியமே அதற்கு வராது.

மூன்றாவது சிக்கல் நம் ஊருக்கே உரியது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் கீழ் வகுப்புகள்வரை விழுகிறது. கேள்வி என்றால் ஒரே விடை என்று பழகிய பிள்ளை, ஊகிக்கச் சொன்னால் டீச்சர் முகத்தைப் பார்க்கும். அல்லது முந்திரிக்கொட்டை போல முந்தும் இரண்டு பேர் மட்டும் பேசுவார்கள்.

ஆகவே இந்த முறைக்கு வகுப்பில் இடம் உண்டு, அளவும் உண்டு. ஆசிரியர் உரக்க வாசிக்கும் கதையில் ஓரிரு இடங்களில் நிறுத்தினால் போதும். பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தினால் கதை செத்துப்போகும். கை தூக்குமுன் எல்லோரும் தங்கள் ஊகத்தைக் கொப்பியில் படமாக வரையட்டும். பனி, கப்பல் போன்ற அறியாத பொருள்கள் வந்தால் முதலில் விளக்கிவிட வேண்டும். எழுத்துக் கூட்டும் பயிற்சிக்குப் படம் விடையைக் காட்டிக்கொடுக்காத வரிகளைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் ஊகத்துக்கு விடுமுறை.