சுரண்டினால் தேக்கு தெரியும்!

பழைய மரச் சாமான் விற்பவர்களுக்கு ஒரு தாரக மந்திரம் உண்டு: “சுரண்டி பாலிஷ் போட்டா உள்ளே தேக்கு தெரியும் சார்!” சில பேர் ஒரு படி மேலே போய் ‘பர்மா தேக்கு’ என்பார்கள். சென்னையில் இருப்பதாகச் சொல்லப்படும் பர்மா தேக்கையெல்லாம் கூட்டினால், பர்மாவில் ஒரு மரம்கூட மிஞ்சியிருக்காது.

எங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் இந்த மந்திரத்துக்கு மவுசு அதிகம். பக்கத்திலேயே தாம்பரம் விமானப்படை நிலையம். மாற்றலாகிப் போகிற வடக்கத்திக் குடும்பங்கள் சில, சாமான்களை இங்கேயே தள்ளிவிட்டுப் போகும். அப்படி வந்த ஒரு ஜோடி நாற்காலியைச் சமீபத்தில் ஒரு கடையில் பார்த்தேன். அரக்குச் சிவப்பு. உடம்பு பூரா தங்க நிறத்தில் பூவும் கொடியும். கால், கை, முதுகு எல்லாம் கடைசல் வேலை. “ரெண்டு நாள் டைம் குடுங்க, காஸ்டிக் சோடா போட்டு இந்தப் பெயின்ட்டை மொத்தமா எடுத்துடறேன்” என்றார் கடைக்காரர். எடுத்தால் என்ன மிஞ்சும் என்பதுதான் விஷயமே.

அது சங்கேடா நாற்காலி. குஜராத்தில் வடோதராவுக்குப் பக்கத்து ஊர் சங்கேடா. அங்கே கராடி என்கிற கடைசல்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது. இந்த ரகத்து ஊஞ்சலைக் கைவினைக் கண்காட்சிகளில் நீங்கள் பார்த்திருக்கலாம். தேக்கைக் கடைந்து, வண்ணம் பூசி, அதன்மேல் வெள்ளீயத்தைப் பசையோடு சேர்த்து அரைத்த குழம்பால், தூரிகை பிடித்துக் கையாலேயே பூப்போடுகிறார்கள். காய்ந்ததும் அகேட் கல்லால் தேய்த்தால் வெள்ளி மாதிரி மின்னும். மேலே ஒரு பூச்சு அரக்கு. அரக்கின் மஞ்சள் சாயலில் வெள்ளி, தங்கமாகிவிடும். குந்துமணி தங்கம் கிடையாது! இந்த வித்தைதான் அந்த நாற்காலி. அதைச் சுரண்டிவிட்டு, உள்ளே தேக்கு இருக்கிறது என்று சந்தோஷப்படுவது, பட்டுப் புடவையில் ஜரிகையை உருவிவிட்டு நூல் நயம் பார்க்கிற மாதிரி.

இதே பொய்த் தங்கத்தை, கையால் வரையாமல் தகடு வெட்டி அச்சடித்துப் பார்த்த ஒரு அமெரிக்கரும் உண்டு. பெயர் லாம்பர்ட் ஹிட்ச்காக். சினிமாக்காரர் இல்லை. 1818-ல் கனெக்டிகட் மாநிலத்தில் ஆற்றங்கரையில் பட்டறை போட்டவர். தண்ணீர் விசையில் கடைசல். முதலில் நாற்காலியே செய்யவில்லை. கால், குறுக்குச் சட்டம் என்று உறுப்புகளாக விற்றார். தெற்கே சார்ல்ஸ்டன் வரைக்கும் போயிற்று. வாங்கியவர் பூட்டிக்கொள்ள வேண்டியது. பெட்டியில் வந்து இறங்குகிற இன்றைய ஃபர்னிச்சருக்கு அவர் கொள்ளுத் தாத்தா.

பிறகு முழு நாற்காலி. அதன் செய்நேர்த்தியில் ஒரு பி.காம். மூளைக்குக் குஷி தரும் சங்கதிகள் உண்டு. கிடைத்த மரத்தில் எது மலிவோ அது. காலுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. முதுகுப் பலகையை ஆவி காட்டி வளைத்து, உட்காருகிறவர் முதுகுக்குப் பொருத்தினார்கள். உட்காருமிடம் நம்ம ஊர்க் கோரை மாதிரியான ஒரு நாணல் பின்னல், அல்லது பிரம்பு. கலப்பு மரம் வெளியே தெரியாமலிருக்க முதலில் சிவப்பு; அதன்மேல் கறுப்பை, கொஞ்சம் சிவப்பு எட்டிப் பார்க்கிற மாதிரி இழுத்தால் ரோஸ்வுட்! வார்னிஷ் முக்கால்வாசி காய்ந்து, விரல் ஒட்டுகிற பதத்தில், வெட்டிய காகிதத்தை வைத்து வெண்கலப் பொடியைத் தேய்ப்பார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் செய்த வேலை.

ஸ்டென்சில் நமக்கு அந்நியமில்லை. கோல அச்சு அதுதான். சாமியானாக் கடை நாற்காலியின் முதுகில் ‘இது எங்களுடையது’ என்று பெயர் அடிப்பதும் அதுதான். ஹிட்ச்காக்கும் தன் நாற்காலியில், உட்காரும் பலகையின் பின் விளிம்பில், பெயர், ஊர், உத்தரவாதம் மூன்றையும் அச்சடித்தார். அவ்வளவு செய்தும் 1829-ல் திவால். கணக்கு வேறு, கலை வேறு போலிருக்கிறது.

ஸ்டென்சிலென்றால் மட்டம் என்று நினைக்கக் கூடாது. நல்ல காலத்து வேலையில் ஒரு பழத்துக்கு ஒரு அச்சு, ஒரு இலைக்கு ஒரு அச்சு. விளிம்பில் பொடியை அழுத்தி, நடுவில் விட்டுவிட்டால் திராட்சை உருண்டு நிற்கும். பின்னால் வந்தவர்கள் அவசரத்தில் மொத்தத்தையும் ஒரே அச்சாக வெட்டினார்கள். திராட்சை, தங்கக் காசாகத் தட்டையாகிவிட்டது.

இரண்டில் எது ஒசத்தி என்று கேட்டால், பூ வேலைக்கு சங்கேடா; நாற்காலிக்கு ஹிட்ச்காக். சங்கேடாக்காரர்கள் விரல்கடை இடத்தைக்கூட விடுவதில்லை, கண் மூச்சுவிட முடியாது. முதுகில் கடைசல் உருளைகள் அழுத்த, பத்து நிமிஷத்தில் எழுந்துவிடத் தோன்றும். ஊஞ்சலாக இருந்தால் பரவாயில்லை, ஆடுகிறபோது மறந்துவிடும். ஹிட்ச்காக்கில் முக்கால்வாசி கறுப்பு. தங்கம் எங்கே வேண்டுமோ அங்கே மட்டும். 1946-ல் அந்தத் தொழிற்சாலையை மறுபடி திறந்து, 2006 வரை ஓட்டினார்கள் என்றால் சும்மா இல்லை.

சுரண்டுவது ஒரு பாவமென்றால், எதிர்ப் பாவம் ஒன்றும் நடக்கிறது. புது நாற்காலிக்குப் பெயின்ட் அடித்து, உப்புத்தாளால் அங்கங்கே தேய்த்து ‘ஆன்டிக் ஃபினிஷ்’ என்று விற்கிறார்கள். தேய்க்கிறவர் எல்லா மூலையையும் சமமாகத் தேய்ப்பார். மனுஷன் அப்படித் தேய்ப்பதில்லை. கை வைக்கிற நுனி, குதிகால் உரசுகிற முன் சட்டம், இழுக்கிறபோது பிடிக்கிற மேல் விளிம்பு, இவ்வளவுதான். கடைசல் காலை வெர்னியர் காலிப்பரால் இரண்டு பக்கமாக அளந்து பாருங்கள். மரம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சுருங்காது. நிஜமாகவே வயசானதென்றால் வட்டம் லேசாக முட்டை வடிவமாகியிருக்கும்.

பூப்போட்ட பழைய நாற்காலி உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், காய்ந்த காட்டன் துணியால் துடைத்தால் போதும். ஈரத் துணி வேண்டாம். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், தூசியைக் கூப்பிட்டு ஒட்டவைக்கும். கால் ஆடினால் ஆணி அடிக்காதீர்கள், கழுந்து பிளந்துவிடும். பழைய மூட்டுகள் அநேகமாக வஜ்ஜிரம் போட்டவை. வெந்நீர் காட்டினால் விட்டுக்கொடுக்கும், மறுபடி ஒட்டலாம். வஜ்ஜிரம் காய்ச்சத் தெரிந்த ஆசாரி அகப்படுவதுதான் கஷ்டம்.