ஆறாவது வேரியேஷனை நம்பி வாசித்தவர்

பியானோப் போட்டியின் அரையிறுதி நேரலையைப் பார்த்த அத்தனை பேரும் ஒரு போட்டியாளரைப் பற்றிச் சொல்லிவைத்தாற்போல ஒரே குறையைச் சொல்கிறார்கள்: விரல் சுத்தம், உருக்கம் போதாது. பாலாவியில் என் பக்கத்தில் இருந்து கேட்ட பியானோ ஆசிரியரும் அதையேதான் சொன்னார். நான் ஒப்பமாட்டேன். கணவர் ரொபர்ட்டின் மெட்டு ஒன்றின் மேல் கிளாரா ஷூமான் எழுதிய வேரியேஷன்களான ஓபஸ் 20-ஐ இந்தப் பருவத்தில் இவரைப்போல் விளங்கி வாசித்த இன்னொருவரை நான் கேட்கவில்லை.

கோபமெல்லாம் மெட்டு வரும் முதல் 24 பார்களின் மேல். ரொபர்ட் ஷூமானின் அந்த எஃப் ஷார்ப் மைனர் மெட்டை மற்றப் போட்டியாளர்கள் இழுத்தார்கள். ஒவ்வொரு வரி முடிவிலும் நின்று பெருமூச்சு விட்டார்கள். இவர் நிற்கவில்லை. மெதுவாகத்தான் வாசித்தார், ஆனால் நடை குலையவில்லை. ஒரு சுரத்தைக்கூட அதன் அளவுக்கு மேல் பிடித்து வைக்கவில்லை. இதைத்தான் வறட்சி என்கிறார்கள்.

இழுப்பவர்களின் மனதில் ஓடுவது 1854. ரொபர்ட் ரைன் நதியில் குதித்தது, எண்டெனிக் மனநல விடுதி, 1856-இல் அங்கேயே மரணம். அந்தத் துயரத்தை முன்கூட்டியே மெட்டில் ஏற்றிவிடுகிறார்கள். கிளாரா இதை எழுதியதோ 1853-இல், ஜூன் 8 அன்று வரும் கணவரின் பிறந்தநாளுக்காக. டுசெல்டோர்ஃபில் புது வீடு, கணவருக்கு இடைஞ்சல் இல்லாமல் வாசிக்கவும் எழுதவும் தனக்கென்று ஓர் அறை, வயது 33. இந்த மெட்டின் மேல் பிறகு எழுதிய இசையமைப்பாளர் பிராம்ஸ் அந்த வீட்டு வாசலை மிதித்ததே அதற்குப் பிறகுதான். வேலை செய்ய இடம் கிடைத்த ஒரு பெண்ணின் உற்சாகம் இது. இதற்கு விதவைக் கோலம் போடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

மெட்டை ஏன் நேராக வாசிக்க வேண்டும்? அதன் நீளம் கேட்பவர் மனதில் பதிந்தால்தான் பிறகு வரும் ஏழு வேரியேஷன்களும் விளங்கும். நம் கர்நாடக இசையின் நிரவலில் எவ்வளவு கற்பனை செய்தாலும் சொல் விழும் இடம் தாளத்தில் மாறாதல்லவா? இங்கும் மூன்றாவதில் மேஜருக்குப் போனாலும், நான்காவதில் மெட்டு நடுக்குரலுக்கு இறங்கி வலது கை மேலே ஓடினாலும், அடிக்கட்டு அதேதான். எங்கள் பாலாவி உப்பளத்தில் ஒரே நீர்தான் பாத்தி பாத்தியாக நகர்ந்து இறுகி வருகிறது. முதல் பாத்தியிலேயே உப்பை எதிர்பார்ப்பவர் இங்கே யாருமில்லை.

ஐந்தாவதில் இடது கை ஒக்டேவ்களில் பாய்கிறது. பலர் அங்கே கைதட்டலுக்காக அடித்து நொறுக்கினார்கள். ஆனால் அடுத்து ஆறாவதாக வருவது கேனன்: ஒரு குரல் தொடங்கிய மெட்டை இன்னொரு குரல் சற்றுப் பின்னால் வந்து பாடும். முன்னால் போகிறவர் தள்ளாடினால் பின்னால் வருகிறவர் எங்கே கால் வைப்பது? இழுத்துப் பழகிய கைகளெல்லாம் அங்கேதான் அகப்பட்டன. இவரின் இடது கையைக் கவனித்தீர்களா? ஐந்தாவது முடிந்ததும் அது மேலே எழவுமில்லை, மடியில் போய் விழவுமில்லை. கட்டைகளை ஒட்டியே தங்கி, அடுத்த பாருக்குள் அதே நடையில் நுழைந்தது. கிளாரா 1878 முதல் ஃபிராங்ஃபர்ட்டில் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இந்த வழிதான்: மேலிருந்து அடிக்காதே, ஒட்டி நின்று அழுத்து.

முடிவில் கிளாரா சிறுவயதில் எழுதிய ஓபஸ் 3-இன் மெட்டு உள்குரலில் வந்து கலக்கும். பெரும்பாலும் அது யார் காதிலும் விழாமல் போய்விடும். அன்று தெளிவாக விழுந்தது.

இறுதிச் சுற்று தனிக்கச்சேரி. இவர் பிராம்ஸின் ஓபஸ் 9-ஐ எடுப்பார் என்பது என் கணிப்பு: 1854-இல் அதே மெட்டின் மேல் எழுதி, கிளாராவுக்கே அர்ப்பணித்த 16 வேரியேஷன்கள். துயரத்துக்கு அங்கே இடமுண்டு; அப்போது இழுக்கட்டும், நானும் அழத் தயார். முதல் பரிசு ஒக்டேவ் முழக்கியவருக்குப் போகலாம், நடுவர்களிடம் நான் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஆனால் அடுத்த பருவத்தில் ஓபஸ் 20-ஐத் தெரிவு செய்யும் இளையவர்கள் இவரின் பதிவைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார்கள். அந்த 24 பார்களை எந்த நடையில் தொடங்குவது என்பதையும் இவரிடமிருந்தே எடுப்பார்கள்.